விஷப் பாம்புகளை அரசே வளர்க்க வேண்டுமா? மக்காச்சோளக் காட்டுக்கும் வடநெம்மேலி மண்பானைக்கும் என்ன தொடர்பு?

பெரம்பலூர், அரியலூர் பக்கம் ஒரு ரவுண்டு போய் வந்தால் தெரியும். ஒரு பக்கம் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். இன்னொரு பக்கம், ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறை வட்டாரத்தில் முந்திரிக் காடுகள். நடுநடுவே சிமென்ட் ஆலைகளுக்காகத் தோண்டப்பட்ட சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள். இந்த மண்ணில் காலை வைத்து வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் ஒரு பயம் பொதுவானது. தானியம் இருக்கும் இடத்துக்கு எலி வரும். எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும்.

கடிபட்டவரைக் காப்பாற்ற ஒரே மருந்துதான் இருக்கிறது: 10 மில்லி குப்பியில் வரும் விஷமுறிவு மருந்து. அந்தக் குப்பிக்குள் இருப்பதைத் தயாரிக்க முதலில் பாம்பு விஷம் வேண்டும். இன்றுவரை இந்தியா அந்த விஷத்தில் பெரும்பகுதியை, சென்னையைச் சுற்றியுள்ள மாவட்டங்களில் இருளர்கள் பிடித்து வரும் காட்டுப் பாம்புகளிடமிருந்தே எடுக்கிறது.

இனியும் அப்படியே போகலாமா? அல்லது பிரேசில், தாய்லாந்து, ஆஸ்திரேலியா போல, நல்ல பாம்பையும் விரியன்களையும் பாதுகாப்பான கூடத்தில் வளர்த்து, இனப்பெருக்கம் செய்ய வைத்து, அவற்றிலிருந்து விஷம் எடுக்க வேண்டுமா? கேட்கவே கொஞ்சம் பதற்றமாக இருக்கும் இந்தக் கேள்விக்கும் வயலில் வேலை செய்பவரின் உயிருக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது.

எவ்வளவு பெரிய பிரச்சினை இது?

2020-ல் வெளியான ஒரு தேசிய அளவிலான ஆய்வு, 2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்திருக்கலாம் என்று மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். இறந்தவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் 30 முதல் 69 வயதுக்குள் இருப்பவர்கள், அதாவது வீட்டைத் தாங்குகிற வயது. கால்வாசிக்கும் மேற்பட்டவர்கள் 15 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள்.

உலக சுகாதார நிறுவனம் 2017-ல் பாம்புக்கடியைப் 'புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள்' பட்டியலில் சேர்த்தது. புறக்கணிக்கப்பட்ட என்ற வார்த்தைக்குக் காரணம் இருக்கிறது. பாம்பு கடிப்பது பெரும்பாலும் ஏழைகளை, கிராமங்களில், செருப்பில்லாத கால்களில். மருந்துச் சந்தைக்கு இவர்கள் பெரிய வாடிக்கையாளர்கள் கிடையாது.

இந்திய அரசு 2024 மார்ச்சில் ஒரு தேசியச் செயல்திட்டத்தை வெளியிட்டது. 2030-க்குள் பாம்புக்கடி மரணங்களைப் பாதியாகக் குறைப்பது இலக்கு. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு அரசு, பொது சுகாதாரச் சட்டத்தின் கீழ் பாம்புக்கடியை 'கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்' என்று அறிவித்தது. அரசு மருத்துவமனையோ தனியார் மருத்துவமனையோ, ஒவ்வொரு பாம்புக்கடியையும் மரணத்தையும் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். இதுவரை கணக்கில் வராமலே போனவர்கள் இனியாவது கணக்கில் வருவார்கள் என்பது எதிர்பார்ப்பு.

அந்தக் குப்பிக்குள் என்ன இருக்கிறது?

பலர் நினைப்பது போல அது பாம்பு விஷத்துக்கு எதிரான ஏதோ ஒரு ரசாயனம் இல்லை. அது குதிரையின் ரத்தத்திலிருந்து வருகிறது.

முதலில் பாம்பிடமிருந்து விஷம் எடுக்கப்படும். கண்ணாடிக் குவளையின் வாயில் மெல்லிய சவ்வைக் கட்டி, அதைப் பாம்பு கடிக்கும்படி செய்வார்கள். சொட்டுச் சொட்டாக விழும் விஷத்தை உறைய வைத்து, உலர்த்தி, பொடியாக்குவார்கள். அந்தப் பொடியை மிகமிகக் குறைந்த அளவில், ஆபத்தில்லாதபடி, குதிரைக்கு ஊசியாகப் போடுவார்கள். அளவு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டப்படும். குதிரையின் உடல் அந்த விஷத்துக்கு எதிராக எதிர்ப்புப் புரதங்களை உருவாக்கும். சில மாதங்கள் கழித்துக் குதிரையின் ரத்தத்தில் கொஞ்சம் எடுத்து, அந்தப் புரதங்களை மட்டும் பிரித்து, சுத்திகரித்து, குப்பியில் அடைத்தால் விஷமுறிவு மருந்து ரெடி.

இந்தியாவில் கிடைப்பது 'நான்கு பாம்பு' மருந்து. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் குதிரைக்குக் கொடுத்துத் தயாரிக்கப்படுவது. எந்தப் பாம்பு கடித்தது என்று தெரியாவிட்டாலும் இதைப் போடலாம் என்பது இதன் பெரிய வசதி. ஆனால் முதலில் குதிரைக்குக் கொடுத்த விஷம் எப்படியோ, மருந்தும் அப்படித்தான் இருக்கும். விவகாரம் தொடங்குவதும் இங்கேதான்.

அந்த விஷம் எங்கிருந்து வருகிறது?

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போகிற வழியில் வடநெம்மேலி. அங்கே முதலைப் பண்ணை வளாகத்தில் இயங்குகிறது இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம். தொடங்கிய ஆண்டு 1978.

அதற்கு முன்பு இருளர்கள் பாம்பைப் பிடித்தது தோலுக்காக. 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து பாம்புத் தோல் ஏற்றுமதியும் தடை செய்யப்பட்டது. பாம்புகளுக்கு அது நல்ல செய்தி. ஆனால் தலைமுறை தலைமுறையாக அந்தத் தொழிலை மட்டுமே தெரிந்த குடும்பங்களுக்கு ஒரே நாளில் அடுப்பு அணைந்த மாதிரி ஆகிவிட்டது. பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரும் இருளர் சமூகத்தினரும் சேர்ந்து கண்ட மாற்று வழிதான் இந்தச் சங்கம்: பாம்பைக் கொல்லாமல் பிடிப்போம், விஷத்தை எடுப்போம், திரும்பக் காட்டில் விடுவோம்.

நடைமுறை எளிமையானது. அரசு அனுமதித்த எண்ணிக்கைக்குள் பாம்புகளைப் பிடித்து வருவார்கள். கொஞ்சம் மணல் போட்ட மண்பானைக்குள் வைத்து, வாயைத் துணியால் கட்டுவார்கள். மூன்று, நான்கு வாரம் வைத்திருந்து, வாரம் ஒருமுறை விஷம் எடுப்பார்கள். வயிற்றுச் செதிலில் சின்ன அடையாளம் போட்டு, பிறகு விட்டுவிடுவார்கள். அடையாளம் இருக்கும் பாம்பு மறுபடி கையில் சிக்கினால், உடனே விட்டுவிட வேண்டும்.

இந்தக் கைத்திறன் உலகத்துக்கே தெரியும். அமெரிக்காவின் புளோரிடாவில் மலைப்பாம்புகள் பெருகித் தொல்லை கொடுத்தபோது, 2017-ல் அங்கிருந்து அழைக்கப்பட்டவர்கள் இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அப்புறம் என்ன பிரச்சினை?

ஒரே இனம்தான், ஆனால் ஊருக்கு ஊர் விஷம் மாறும். அதுதான் பிரச்சினை.

இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. 1890-களில் பிரெஞ்சு விஞ்ஞானி ஆல்பர்ட் கால்மெட், நாகத்தின் விஷத்தை வைத்து முதல் விஷமுறிவு மருந்துகளில் ஒன்றைத் தயாரித்தார். அது எல்லாப் பாம்புக்கும் வேலை செய்யும் என்று நம்பினார். பிரேசிலில் விட்டல் பிரேசில் என்ற மருத்துவர் அதைச் சோதித்துப் பார்த்தார். அங்குள்ள பாம்புகளின் விஷத்துக்கு அது பலனளிக்கவில்லை. எந்தப் பாம்பு கடிக்கிறதோ, அந்தப் பாம்பின் விஷத்திலிருந்தே மருந்து வர வேண்டும் என்று அவர் நிரூபித்தார். 1901-ல் சாவ் பாவ்லோவில் புட்டன்டான் நிறுவனம் உருவானது. பாம்புகளையும் மருந்தையும் ஒரே வளாகத்துக்குள் கொண்டுவந்த நிறுவனம் அது.

120 ஆண்டுகள் கழித்தும் இந்தியா அந்தப் பாடத்தை முழுசாகப் படிக்கவில்லை. பெங்களூருவில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தின் கார்த்திக் சுனகர் தலைமையிலான ஆய்வுக்குழு, சில ஆண்டுகளாகவே இதைச் சுட்டிக்காட்டி வருகிறது. மருந்துப் பட்டியலில் இல்லாத சில வடமாநிலப் பாம்புகளின் விஷத்துக்கு எதிராக, கடைகளில் கிடைக்கும் மருந்துகள் மிகப் பலவீனமாகவே இருந்தன என்று 2019-ல் அது வெளியிட்ட ஆய்வு காட்டியது. 2025-ல் வந்த இன்னோர் ஆய்வு, 34 இடங்களைச் சேர்ந்த 115 கண்ணாடி விரியன்களின் விஷத்தை ஒப்பிட்டது. வெப்பமும் மழையும் மாறும்போது, ஒரே இனப் பாம்பின் விஷக் கலவையும் மாறுகிறது என்பது அதன் முடிவு.

அதாவது ராஜஸ்தானின் வறண்ட நிலத்தில் இருக்கும் விரியனும் செங்கல்பட்டு நெல்வயலில் இருக்கும் விரியனும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். உள்ளே இருக்கும் சரக்கு வேறு. செங்கல்பட்டுப் பாம்பை வைத்துத் தயாரித்த மருந்து ராஜஸ்தானில் முழு பலன் தரவில்லை என்றால், மருத்துவர் கூடுதல் குப்பிகளைப் போட வேண்டும். செலவு கூடும், ஒவ்வாமை ஆபத்து கூடும், நேரம் போகும். கண்ணாடி விரியன் கடியில் நேரம் போவது என்றால் சிறுநீரகம் போவது என்று அர்த்தம்.

மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் கடிக்கும் கூர்மூக்குக் குழிவிரியன் இந்த நான்கில் சேர்த்தியே இல்லை. இந்திய மருந்தை இறக்குமதி செய்யும் இலங்கைக்கு இது பல ஆண்டுத் தலைவலி.

தமிழ்நாட்டுக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. நாட்டின் மருந்துக்கான விஷம் நம்ம மாநிலத்திலிருந்தே போகிறது. அதனால் தூரத்து மாநிலங்களைவிட இங்கே மருந்து பொருந்தி வரும் வாய்ப்பு அதிகம். ஆனால் சென்னையைச் சுற்றிய கடலோரச் சமவெளி வேறு, பெரம்பலூரின் கரிசல் காடு வேறு, அரியலூரின் சுண்ணாம்புப் பாறை நிலம் வேறு. 'எல்லாம் தமிழ்நாடுதானே' என்று பாம்புக்கு எடுத்துச் சொல்ல முடியாது. சோதித்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

சரி, வளர்த்தால் என்ன லாபம்?

முதல் லாபம், கணக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் வலியுறுத்துவது இதைத்தான்: ஒவ்வொரு துளி விஷத்துக்கும் பிறப்புச் சான்றிதழ் மாதிரி ஒரு பதிவு இருக்க வேண்டும். எந்த இனம், எந்த ஊர்ப் பாம்பு, என்ன வயது, ஆணா பெண்ணா, எந்தத் தேதியில் எடுத்தது என்ற விவரம் வேண்டும். பானையில் மூன்று வாரம் இருந்துவிட்டுப் போகும் பாம்பைப் பற்றி இவ்வளவையும் பதிவு செய்வது கஷ்டம். கூடத்திலேயே பிறந்து வளர்ந்த பாம்புக்கு இது சுலபம்.

இரண்டாவது, ஆரோக்கியம். காட்டிலிருந்து வரும் பாம்புக்கு ஒட்டுண்ணி இருக்கலாம், காயம் இருக்கலாம். பிடிபட்ட அதிர்ச்சியில் சாப்பிடாமல் கிடக்கலாம். வளர்ப்புப் பாம்பை மருத்துவர் தொடர்ந்து கவனிக்க முடியும்.

மூன்றாவது, தொடர்ச்சி. மழை பொய்த்தாலும், அனுமதிக் காகிதம் ஏதோ ஒரு மேஜையில் தூங்கினாலும், விஷம் வருவது நிற்காது.

நான்காவது, காட்டின் மேல் உள்ள சுமை குறையும். ஒவ்வோர் ஆண்டும் ஆயிரக்கணக்கில் பாம்புகளைப் பிடித்து, பிடித்த வயலிலிருந்து பிரித்து, வேறு எங்கோ விட்டால் அவற்றில் எத்தனை பிழைக்கும் என்ற கேள்விக்கு முடிவு கிடைக்கும்.

இது வெறும் கற்பனை இல்லை. பாங்காக்கில் தாய்லாந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் ராணி சவோவபா நினைவு நிறுவனம் 1923-லேயே பாம்புப் பண்ணையைத் தொடங்கிவிட்டது. அங்கே கண்ணாடி விரியன் வகை உட்பட விஷப் பாம்புகளைக் கூடத்திலேயே இனப்பெருக்கம் செய்கிறார்கள். எந்தப் பாம்புக்கு எந்த மருந்து என்று தனித்தனியாகவும் தயாரிக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் நிலப் பாம்புகளுக்கான மருந்துக்கு வேண்டிய விஷம், நியூ சவுத் வேல்ஸில் உள்ள ஒரு ஊர்வன பூங்காவின் வளர்ப்புப் பாம்புகளிடமிருந்து வருகிறது. கோஸ்டாரிகா போன்ற சின்ன நாடு, 1970-ல் தொடங்கிய குளோடோமிரோ பிகாடோ நிறுவனத்தை வைத்துத் தன் தேவையையும் பார்த்துக்கொண்டு, மற்ற நாடுகளுக்கும் மருந்து தருகிறது. பக்கத்திலேயே, பெங்களூருவில் பாம்புக் கூடத்துடன் ஒரு விஷமுறிவு ஆய்வு மையம் அமைக்கும் திட்டத்தை கர்நாடகம் அறிவித்திருக்கிறது.

அப்போ உடனே ஆரம்பிக்க வேண்டியதுதானே?

அவ்வளவு ஈஸி இல்லை.

கண்ணாடி விரியன் முட்டையிடாது, குட்டி போடும். ஒரே பிரசவத்தில் 20, 30 குட்டிகள்கூட வரும். கேட்க லாபமாகத் தெரியும். ஆனால் கருக்காலம் ஆறு மாதத்துக்கு மேல். குட்டி வளர்ந்து பெரிதாக இரண்டு, மூன்று ஆண்டு. குட்டியின் விஷக் கலவையும் வளர்ந்த பாம்பின் கலவையும் ஒன்றல்ல என்பதால் அவசரப்படவும் முடியாது. அதன் பிறகு குதிரைக்கு ஊசி, மருந்துத் தயாரிப்பு, தரச் சோதனை. கணக்குப் போட்டால், இன்று தொடங்கினாலும் வளர்ப்புப் பாம்பின் மருந்து நோயாளியின் கைக்கு வர நான்கைந்து ஆண்டுகள் ஆகும்.

கட்டுவிரியன் இன்னும் சிக்கல். காட்டில் அது மற்ற பாம்புகளையே விரும்பிச் சாப்பிடும். கூடத்தில் எலிக்குப் பழக்குவது ஒரு தனி வேலை. சுருட்டை விரியனும் கட்டுவிரியனும் ஒருமுறை தரும் விஷம் சில மில்லிகிராம்தான். அதனால் பாம்புகளின் எண்ணிக்கை அதிகம் வேண்டும், எலி வளர்ப்புக் கூடம் வேண்டும், கால்நடை மருத்துவர் வேண்டும், வெப்பநிலைக் கட்டுப்பாடு வேண்டும். ஒரு தொற்று புகுந்தால் மொத்தக் கூடமும் காலி. பணியாளர் கடிபட்டால் நிமிடத்தில் சிகிச்சை தர ஏற்பாடு வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று இருக்கிறது. ஒரே ஊரின் பத்துப் பாம்புகளைக் கொண்டு வந்து அவற்றின் வாரிசுகளையே பெருக்கினால், பழைய பிரச்சினைக்குப் புதுக் கட்டடம் கட்டியதாகத்தான் ஆகும். இன்று 'ஒரு வட்டாரத்து விஷம்' என்பது நாளை 'ஒரு குடும்பத்து விஷம்' ஆகிவிடும். எனவே கூடத்தில் எத்தனை பாம்பு இருக்கிறது என்பதைவிட, அவை எந்தெந்த மண்ணிலிருந்து வந்தவை என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

தனியார் பாம்புப் பண்ணை வைக்கலாமா?

'ஒரு கிராம் விஷம் லட்சக்கணக்கில் விலை போகுது' என்று சொல்லும் ரீல்ஸ்களைப் பார்த்துவிட்டு இப்படிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். நேரடிப் பதில்: கூடாது. நல்ல பாம்பையோ விரியனையோ அனுமதியின்றிப் பிடிப்பதும், வீட்டில் வைத்திருப்பதும், விஷத்தை விற்பதும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஜெயில் தண்டனை உண்டு. அதே சட்டத்தின் 12-வது பிரிவு, உயிர் காக்கும் மருந்து தயாரிக்கப் பாம்பு விஷம் எடுப்பதற்கு அனுமதி தர இடம் கொடுக்கிறது. இருளர் சங்கம் இயங்குவது அரசு தரும் அனுமதியின் பேரில்தான்.

விஷத்தைச் சட்டப்படி வாங்குபவர்கள், உரிமம் பெற்ற மருந்து நிறுவனங்களும் ஆய்வகங்களும் மட்டுமே. எங்கிருந்து வந்தது என்று தெரியாத விஷத்தை அவர்கள் தொடக்கூட மாட்டார்கள். தொடுபவர்கள் கள்ளச் சந்தைக்காரர்கள்.

லாபத்துக்காகப் பாம்பு வளர்த்த இடத்துக்கும் உதாரணம் உண்டு. சீனாவின் ஜெஜியாங் மாகாணத்தில் ஜிசிச்சியாவ் என்ற கிராமமே பாம்பு வளர்ப்பில் இறங்கியது, உணவுக்கும் பாரம்பரிய மருந்துக்கும். 2020-ல் கொரோனாவுக்குப் பிறகு காட்டு விலங்குகளைச் சாப்பிட சீனா தடை விதித்தபோது, அந்தத் தொழிலின் அடித்தளமே ஆட்டம் கண்டது. உயிர் காக்கும் மருந்தின் மூலப்பொருளை அப்படி ஒரு சந்தையின் கையில் ஒப்படைக்க முடியாது. வளர்ப்பதானால் அரசு அல்லது அரசின் முழுக் கண்காணிப்பில் உள்ள பொது நிறுவனம்தான் வளர்க்க வேண்டும்.

இருளர்களின் நிலை என்ன ஆகும்?

இதைப் பேசாமல் பாம்பு வளர்ப்பைப் பேசுவது நியாயமில்லை. 1970-களில் ஒரு சட்டம் வந்தது, அவர்களுடைய தொழில் போனது. இப்போது 'விஞ்ஞான முறை' என்ற பெயரில் ஒரு கூடம் வந்து, இரண்டாவது முறையும் அவர்கள் வெளியே நிற்க வேண்டுமா?

உண்மையில் அந்தக் கூடத்துக்கு அவர்கள்தான் அதிகம் தேவை. மண்ணில் பதிந்த தடத்தைப் பார்த்தே எந்தப் பாம்பு, எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று சொல்லும் அறிவை எந்தப் பட்டப்படிப்பும் தருவதில்லை. பெரம்பலூரில் ஒரு கட்டுவிரியன், அரியலூரில் ஒரு சுருட்டை விரியன், தேனியில் ஒரு கண்ணாடி விரியன் என்று மாவட்டம் மாவட்டமாக மூலப் பாம்புகளைக் கொண்டு வந்து சேர்க்க வேண்டும் என்றால், அதைச் செய்யத் தெரிந்தவர்கள் யார்? பாம்பைக் கடி வாங்காமல் தினமும் கையாளத் தெரிந்தவர்கள் யார்? அவர்களைத் தினக்கூலியாக வைக்காமல், மாதச் சம்பளம், காப்பீடு, ஓய்வூதியத்தோடு பணியில் அமர்த்த வேண்டும். அவர்களுடைய கூட்டுறவுச் சங்கத்துக்கு அந்தக் கூடத்தின் நிர்வாகத்தில் இடமும் வருமானத்தில் பங்கும் இருக்க வேண்டும். படித்த இருளர் இளைஞர்களுக்கு ஆய்வகப் பயிற்சி தர வேண்டும்.

வளர்ப்புக் கூடம் பலன் தரும்வரை பானைகளும் தொடரத்தான் வேண்டும். ஒன்றை மூடிவிட்டு மற்றொன்றைத் திறந்தால், நடுவில் மருந்துத் தட்டுப்பாடு வரும். அதன் விலையைக் கொடுக்கப்போவது வயலில் நிற்பவர்.

லேபிலேயே மருந்து தயாரிக்க முடியாதா?

முயற்சி நடக்கிறது. 2024 பிப்ரவரியில் இந்திய அறிவியல் கழகமும் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து, நாகம், கட்டுவிரியன் போன்ற பாம்புகளின் நரம்பு நஞ்சில் ஒரு முக்கிய வகையைச் செயலிழக்கச் செய்யும் செயற்கை எதிர்ப்புப் புரதத்தை உருவாக்கியதாக அறிவித்தன. எலிகளில் நல்ல பலன் கிடைத்தது. குதிரையும் வேண்டாம், ஒவ்வாமையும் குறையும் என்பது பெரிய நம்பிக்கை.

ஆனால் எலியிலிருந்து மனிதருக்கு வரும் பாதை நீளமானது. விரியன்களின் விஷம் பல நஞ்சுகளின் கூட்டு. ஒரே புரதத்தால் அத்தனையையும் அடக்க முடியாது. இந்த ஆய்வுகளுக்கே ஊர் ஊராகச் சேகரித்த, பதிவுள்ள விஷம் தேவை. ஆக, எதிர்கால மருந்துக்கும் பாம்புக் கூடம்தான் அஸ்திவாரம்.

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் என்ன வேண்டும்?

தமிழ்நாடு அரசு ஒரு பொதுப் பாம்புக் கூடத்தை அமைக்க வேண்டும். அதை அலங்காரக் கட்டடமாக நகரத்தில் திறந்து வைத்து நிறுத்திக்கொள்ளக் கூடாது. முதல் நாளிலிருந்தே நடு மாவட்டங்களின் பாம்புகளும் அதில் இருக்க வேண்டும்.

அதற்குக் காத்திருக்காமல் இப்போதே செய்யக்கூடிய ஒன்று உண்டு. இன்று கையில் இருக்கும் மருந்தை, இந்த மாவட்டப் பாம்புகளின் விஷத்தோடு வைத்து ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும். முடிவைப் பொதுவெளியில் வைக்க வேண்டும். நன்றாக வேலை செய்கிறது என்றால் மருத்துவர்களுக்கு நிம்மதி. இல்லை என்றால் எத்தனை குப்பி கூடுதலாக வேண்டும் என்பதாவது தெரியும். கட்டாயத் தகவல் விதியால் வரும் எண்களை ஃபைலில் வைக்காமல், எந்த ஒன்றியத்தில், எந்த மாதத்தில், எந்தப் பாம்பு அதிகம் கடிக்கிறது என்று வரைபடமாக வெளியிட வேண்டும்.

அரியலூருக்கு 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி கிடைத்தது. பெரம்பலூரில் மாவட்டத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் விஷமுறிவு மருந்து இருப்பு வைக்கப்படும் என்று அரசு சொல்லியிருக்கிறது. ஆனால் குப்பி அலமாரியில் இருந்தால் மட்டும் போதாது. ராத்திரி 2 மணிக்கு அதைப் போடத் தைரியமும் பயிற்சியும் உள்ள ஒருவர் அங்கே இருக்க வேண்டும். கண்ணாடிக் குழாயில் சிறிது ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைகிறதா என்று பார்க்கும் எளிய சோதனை, விரியன் கடியைக் காட்டிக் கொடுக்கும். இதற்குப் பெரிய லேப் தேவையில்லை. கட்டுவிரியன் கடித்தவருக்கு மூச்சு நின்றால், மருந்து வேலை செய்யும்வரை செயற்கை சுவாசம் தர ஆள் வேண்டும். கண்ணாடி விரியன் கடித்தவருக்கு டயாலிசிஸ் பக்கத்திலேயே கிடைக்க வேண்டும்.

கடித்தால் என்ன செய்ய வேண்டும்?

கயிறு இறுக்கிக் கட்டக் கூடாது. கீறக் கூடாது. வாயால் உறிஞ்சக் கூடாது. பாம்பைத் தேடி அடிக்கப் போய் இரண்டாவது ஆள் கடி வாங்கக் கூடாது. மோதிரம், மெட்டி, கொலுசைக் கழற்றுங்கள். கடிபட்ட காலையோ கையையோ அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்தோ கிடைக்கும் வண்டியிலோ நேராக மருத்துவமனைக்குப் போங்கள். மந்திரிக்கவும் பச்சிலை தேடவும் செலவாகும் ஒவ்வொரு நிமிடமும் உயிரிலிருந்து கழியும் நிமிடம்.

கட்டுவிரியன் கடி பல நேரம் வலிக்காது, தடமும் தெரியாது. தரையில் படுத்திருந்தவர் நடுராத்திரியில் வயிற்று வலி என்று எழுந்து, கண் இமை தூக்க முடியாமல் தவித்தால், பாம்புக்கடியாக இருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். கட்டிலில், கொசுவலையைச் சுற்றிச் செருகிவிட்டுப் படுப்பது, ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போகும்போது டார்ச்சும் பூட்ஸும், சோளத்தட்டைப் போரில் கை வைக்கும் முன் ஒரு குச்சியால் தட்டிப் பார்ப்பது: செலவு குறைவு, பலன் அதிகம்.

வளர்ப்புப் பாம்பின் விஷத்தில் மருந்து வர இன்னும் சில ஆண்டுகள் ஆகலாம். ஆனால் அந்தக் கூடத்துக்கான முடிவை எடுக்கவும், இன்றைய மருந்தை உள்ளூர்ப் பாம்போடு சோதிக்கவும் சில ஆண்டுகள் தேவையில்லை. 2030-க்குள் மரணங்களைப் பாதியாக்குவோம் என்று சொன்ன அரசுகள், அடுத்த மக்காச்சோள அறுவடைக்கு முன்பே இந்த இரண்டையும் தொடங்கலாம்.